ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கான சாஃப்ட்வேர் ஒர்க்ஷாப்: உதவும் ஃபீட்பேக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

வேலூர்ப் பக்கம் ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்காக நடக்கும் சாஃப்ட்வேர் ஒர்க்ஷாப்புகளின் கடைசி மாலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். குரூப் போட்டோ எடுப்பார்கள், சர்டிஃபிகேட் கொடுப்பார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபீட்பேக் படிவம் வரும். ஐந்துக்கு ஐந்து என்று டிக் அடித்து, கீழே ‘வெரி யூஸ்ஃபுல்’ என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடுவார்கள். படிவங்கள் கோப்புக்குள் போய்விடும். டிசைன் வேலையைச் சுவரில் ஒட்டி மதிப்பிடும் அடுத்த ஸ்டூடியோ ஜூரியில் பார்த்தால், அதே பிள்ளைகள் கட்டடத்தை வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் வெட்டுப்பட்ட சுவருக்கும் பின்னால் தெரியும் ஜன்னலுக்கும் வேறுபடுத்திக் காட்டாமல் ஒரே தடிமனில் கோடு போட்டு ஷீட் ஒட்டியிருப்பார்கள்.

படிவத்தில் வந்த ஐந்தும் பொய் அல்ல. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ‘பிடித்ததா?’ என்று கேட்டோம், ‘பிடித்தது’ என்றார்கள். எங்கே சிக்கிக்கொண்டீர்கள், இப்போது தனியாக எதைச் செய்ய முடியும் என்று நாம் கேட்கவே இல்லை. இந்த இரண்டையும் சரியான நேரத்தில், அவர்கள் கூசாமல் சொல்லக்கூடிய வழியில் கேட்பதற்கான முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒர்க்ஷாப் நடத்தும் ஆசிரியர், ஏற்பாடு செய்யும் மாணவர் குழு, வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: பதிலை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்?

படிவம் தயாரிக்கும் முன் ஒரு தாளில் மூன்று பேரை எழுதுங்கள்: பயிற்சியாளர், ஒருங்கிணைப்பாளர், துறைத் தலைவர். பயிற்சியாளர் நாளைய வகுப்பை மாற்றுவார். ஒருங்கிணைப்பாளர் லேப், லைசென்ஸ், நேரம் ஆகியவற்றை மாற்றுவார். எந்த ஆண்டு மாணவர்களுக்கு எந்த சாஃப்ட்வேர் என்பதைத் துறைத் தலைவர் மாற்றுவார். ஒவ்வொரு கேள்வியும் இந்த மூவரில் ஒருவருடையதாக இருக்கவேண்டும். ‘இதற்கு மோசமான பதில் வந்தால் இன்னார் இன்னதை மாற்றுவார்’ என்று சொல்ல முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டை மாற்றும் எண்ணம் இல்லை என்றால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். இப்படி வடிகட்டினால் இருபது கேள்விப் படிவம் எட்டுக் கேள்விக்கு வந்துவிடும். எட்டு போதும்.

படி 2: ஒர்க்ஷாப்புக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள்

ஃபீட்பேக் கடைசி நாளுக்கு உரியது என்ற பழக்கத்தை முதலில் விடவேண்டும். முதல் நாள் காலையில் போகும் நேரத்தில் பெரும்பகுதி, முன்கூட்டியே ஐந்து கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கும் நேரம்.

லேப்டாப்பைப் பற்றிக் கேளுங்கள். ரேம் எவ்வளவு, தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டா, விண்டோஸா மேக்கா, எந்த ஆண்டு வெர்ஷன் போட்டிருக்கிறார்கள். கட்டட மாடல் செய்யும் சாஃப்ட்வேரான ரெவிட் மேக்கில் நேரடியாக ஓடாது. புது வெர்ஷன் ரெவிட்டில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் திறக்கவும் முடியாது. வரைபட சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் பழைய வடிவத்தில் சேமித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம், ரெவிட்டில் அந்த வழி கிடையாது. பயிற்சியாளர் தன் ஃபைலைப் பகிர்ந்ததும் பாதி வகுப்பு ‘ஓப்பன் ஆகல’ என்று கை தூக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இவ்விரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டு இலவச லைசென்ஸ் தருகிறது, படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாணவர் என்பதைச் சரிபார்த்து அனுமதி வர நாளாகலாம் என்பதால் அதையும் இந்த வாரத்திலேயே கேட்டு, முடிக்கச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், என்ன தெரியும் என்ற கேள்வி. ‘ஆட்டோகேட் தெரியுமா?’ என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கடைசியாக எந்த சப்மிஷனை ஆட்டோகேடில் வரைந்தீர்கள்? ஷீட்டை ஸ்கேலில் பிளாட் எடுத்தது நீங்களா, வேறு யாராவது செட் செய்து கொடுத்தார்களா?’ பிரிண்ட் கடை அண்ணன்தான் ஸ்கேல் செட் செய்து கொடுத்தார் என்ற பதில் நிறைய வந்தால், முதல் நாள் பாடம், ஷீட்டில் படங்களை அடுக்கும் லேஅவுட்டும் அதைச் சரியான அளவில் அச்செடுக்கும் பிளாட்டும்தான். நிஜம்போலப் படமாக்கும் ரெண்டரிங் பிறகு வரட்டும்.

படி 3: கேள்வியை எழுதும் விதம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேள்வி சரியில்லை என்றால் அதற்குப் பிறகு எத்தனை சார்ட் போட்டாலும் பயன் இல்லை.

‘பயிற்சியாளரின் விளக்கம் தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா?’ என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெளிவாக இருந்தது, ஆனால் முன்பே தெரிந்த விஷயம் என்று நினைக்கும் மாணவி எதை டிக் செய்வாள்? ‘இந்த ஒர்க்ஷாப் உங்கள் டிசைன் திறனை எந்த அளவுக்கு உயர்த்தியது?’ என்பது, உயர்த்தியது என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்பது. ‘வேகம் எப்படி இருந்தது?’ என்பதற்கு ‘நன்று, மிக நன்று’ என்று அளவுகோல் கொடுப்பதில் பொருளே இல்லை. வேகத்துக்கு ‘மெதுவாக, சரியாக, வேகமாக’ என்பதுதான் அளவு. அதில் நடுவில் இருப்பதுதான் நல்ல பதில்.

ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று ஐந்து படியில் கேட்கும் முறை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்தது. இன்றைக்கும் பயன்படுகிறது, தப்பில்லை. ஆனால் அதில் கொடுக்கும் வாக்கியம் மாணவர் கையால் செய்யும் வேலையாக இருக்கவேண்டும். ‘லேயர் பற்றிப் புரிந்தது’ என்று கொடுக்காதீர்கள். ‘என் பிளானில் சுவர், ஃபர்னிச்சர், டைமென்ஷன் மூன்றையும் தனித்தனி லேயரில் வைத்து, ஃபர்னிச்சர் இல்லாமல் பிளாட் எடுக்க என்னால் முடியும்’ என்று கொடுங்கள். இதற்கு யாரும் யோசிக்காமல் ஐந்து போட மாட்டார்கள்.

‘முன்பு எவ்வளவு தெரியும், இப்போது எவ்வளவு தெரியும்’ என்ற ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஒர்க்ஷாப்புக்கு முன்பு ‘ஸ்கெட்ச்அப் எனக்கு நன்றாகவே தெரியும்’ என்று நாலு போட்டவர், அந்த 3டி மாடலிங் சாஃப்ட்வேரில் காம்பொனென்ட் (ஒன்றை மாற்றினால் எல்லாப் பிரதியும் மாறும் வசதி) என்று ஒன்று இருப்பதையே இரண்டாம் நாள்தான் பார்த்திருப்பார். முடிவில் அவர் மூன்று போட்டால், கற்றது குறைந்துவிட்டது என்று கணக்கு வரும். அதனால் கடைசி நாளில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: ‘இன்று திரும்பிப் பார்த்தால், முதல் நாள் உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? இப்போது எவ்வளவு?’ நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் நின்று யோசித்துப் பதில் எழுதுகிறார்கள்.

இனி மொழி. குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கமாண்ட் எல்லாம் ஆங்கிலம், அதை அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் படிவமும் ஆங்கிலத்தில் இருந்தால், சொல்ல வந்த குறையை இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டு ‘குட்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிவத்தின் உச்சியில் ‘தமிழில் எழுதலாம், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதலாம், பிழை பார்க்க மாட்டோம்’ என்று ஒரு வரி போடுங்கள். கேள்வியையும் இரு மொழியிலும் கொடுங்கள். ‘எக்ஸ்ட்ரூட் பண்ணினா ஒரு பக்கம் ஓட்டையா நிக்குது, ஏன்னு தெரியல’ என்ற ஒரு வரி, ஐம்பது ‘வெரி யூஸ்ஃபுல்’களைவிட எனக்கு மதிப்பானது. எக்ஸ்ட்ரூட் என்றால் வரைந்த வடிவத்தை உயர்த்தி மாடலாக்குவது. கோடு முழுதாக மூடவில்லை என்பதை நாளைக் காலையே காட்டிக் கொடுத்துவிடலாம்.

படி 4: ஒவ்வொரு நாளும் ஒரு துண்டுச் சீட்டு

ஸ்டூடியோவில் பட்டர் பேப்பர் துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. மாலை வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். இன்று எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்? இன்றிரவு யார் உதவியும் இல்லாமல் எதைச் செய்ய முடியும்? பெயர் வேண்டாம்.

பயிற்சியாளர் அன்றிரவே படித்து, அதிகமாக வந்த இரண்டு சிக்கல்களை மறுநாள் காலை முதல் கால்மணி நேரத்தில் தீர்க்கவேண்டும். நேற்று எழுதியதற்கு இன்று பலன் கிடைத்ததைப் பார்த்தால் அடுத்த மாலைச் சீட்டில் எழுத்து கூடும்.

சீட்டில் ‘ரொம்ப ஃபாஸ்ட்’ என்று வந்தால் உடனே வேகத்தைக் குறைத்துவிட வேண்டாம். என்ன வேகம் என்று பாருங்கள். பழகிய பயிற்சியாளர்கள் எல்லாவற்றையும் கீபோர்டு ஷார்ட்கட்டில் செய்வார்கள். புரொஜெக்டரில் பார்ப்பவருக்குக் கோடு தானாக நகர்வதுபோலத் தெரியும், எந்த விசை அழுத்தினார் என்று தெரியாது. அங்கே தேவை நிதானம் அல்ல. கமாண்டை வாய்விட்டுச் சொல்வதும், அழுத்தும் விசை திரையில் தெரியும்படி செய்வதும்தான் தேவை.

படி 5: செய்ய வைத்துப் பாருங்கள்

ஒரு சின்ன வேலை கொடுத்து அதன் முடிவைப் படிப்பதும் ஃபீட்பேக்தான். மாணவர் சொல்வதும் அவர் ஃபைல் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று அதில் தெரியும்.

எனக்குப் பிடித்தது நிழல் சோதனை. ஸ்கெட்ச்அப்பில் 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பச் சொல்லுங்கள். இடம் வேலூர், ஜூன் 21, பகல் பன்னிரண்டே கால். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று மட்டும் எழுதித் தரவேண்டும். வேலூர் ஏறக்குறைய 12.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அன்று சூரியன் 23.4 பாகைக்கு வந்துவிடுவதால், உச்சிப்பொழுதில் நம் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே, அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக விழும். இடத்தை மாற்ற மறந்தவருக்கு சாஃப்ட்வேர் தானாக வைத்திருக்கும் அமெரிக்காவின் கொலராடோ மாநில போல்டர் நகரத்து நிழல் வரும். அந்த ஊர் 40 பாகையில் இருப்பதால் நிழல் வடக்கே விழும். விடையைப் பார்த்த மாத்திரத்தில் யார் இடத்தைக் குறித்தார்கள், யார் குறிக்கவில்லை என்று தெரிந்துவிடும். டிசம்பர் தேதி கொடுக்காதீர்கள். அப்போது இரண்டு ஊரிலும் நிழல் வடக்கேதான், தவறு வெளியே தெரியாது.

நம் ஊரில் இது சும்மா கணக்கு அல்ல. கோடை வெயிலில் தவிக்கும் ஊருக்கு வீடு வரையப்போகும் பிள்ளை, சன்ஷேடை எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டவேண்டும் என்று வேறொரு ஊரின் நிழலைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இன்னொரு வேலை, தூண். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்த எந்த மாணவருக்கும் அந்தச் சிற்பத் தூண்களை மாடல் செய்ய ஆசை வரும். யாளியையும் குதிரையையும் ஒர்க்ஷாப்பில் செய்ய வேண்டாம். பீடம், கட்டம், உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை என்று எளிமையாக ஒரு தூணைச் செய்து மண்டபம் முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு போதிகையின் அளவை மாற்றச் சொல்லுங்கள். காம்பொனென்டாக வைத்தவர் ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். அப்படி வைக்காதவர் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பார், ஃபைலும் கனத்துப்போயிருக்கும். படிவத்தில் ‘லேப்டாப் ஹேங் ஆகுது’ என்று எழுதியவர்களில் யாருக்கு லேப்டாப் பிரச்சினை, யாருக்கு மாடல் செய்யும் முறையில் பிரச்சினை என்பது இந்த வேலையில் பிரிந்துவிடும். முதலாவதற்கு லேப் நேரம் தரவேண்டும், இரண்டாவதற்கு இன்னொரு வகுப்பு.

படி 6: கடைசி நாள் படிவத்தை எப்போது கொடுப்பது?

சர்டிஃபிகேட்டுக்குச் சற்று முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். சற்று முன்பு கொடுத்தால் சர்டிஃபிகேட்டுக்கு விலை மாதிரி ஆகிவிடும். பின்பு கொடுத்தால் அறை காலியாக இருக்கும். காட்பாடிக்குப் போய் ரயில் பிடிக்கவேண்டியவர்களும், கிராமத்துக்குக் கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பும் பெண்பிள்ளைகளும்தான் முதலில் எழுந்து போவார்கள். பயிற்சி நேரம் அவர்களுக்கு ஒத்துவந்ததா என்பதை அவர்களைத் தவிர யாரிடம் கேட்பது?

மதிய இடைவேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பயிற்சியாளரும் ஆசிரியர்களும் வெளியே போய்விடட்டும். ஒரு மாணவப் பிரதிநிதி மட்டும் இருந்து தாளைச் சேகரிக்கட்டும். கூகுள் ஃபார்ம் என்றால் அதே அறையிலேயே போனில் நிரப்பச் சொல்லுங்கள். ‘வீட்டுக்குப் போய் அனுப்புங்கள்’ என்றால் பாதிகூட வராது.

நான் பரிந்துரைக்கும் எட்டுக் கேள்விகள்:

அ. இந்த மூன்று நாளில் கற்றதில் அடுத்த சப்மிஷனில் கட்டாயம் பயன்படுத்தப்போவது எது?
ஆ. எந்த இடத்தில் பின்தொடர முடியாமல் விட்டுவிட்டீர்கள்?
இ. வேகம்: மெதுவாக, சரியாக, வேகமாக. எந்தப் பகுதியில்?
ஈ. சிக்கிக்கொண்டபோது யாரைக் கேட்டீர்கள்: பயிற்சியாளரை, பக்கத்து நண்பரை, யூடியூப்பை, யாரையும் இல்லை?
உ. லேப்டாப், லைசென்ஸ், வெர்ஷன் பிரச்சினையால் எவ்வளவு நேரம் போனது?
ஊ. முதல் நாள் எவ்வளவு தெரிந்திருந்தது, இப்போது எவ்வளவு?
எ. எதைக் குறைத்திருக்கலாம்?
ஏ. உங்கள் ஜூனியருக்கு இந்த ஒர்க்ஷாப் எந்த செமஸ்டரில் வரவேண்டும், ஏன்?

இவற்றில் ஈ-யை விட்டுவிடாதீர்கள். ‘யாரையும் இல்லை’ என்று டிக் செய்தவர்கள்தான் வகுப்பின் பின்வரிசையில் மூன்று நாளும் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள். அந்த எண்ணிக்கை கூடினால், பயிற்சியாளருடன் நாலைந்து சீனியர்களை வரிசைக்கு ஒருவராக நிறுத்தவேண்டும். அறிவுரையைவிட அது உடனே வேலை செய்யும்.

படி 7: பெயர் தெரியாது என்றால் உண்மையிலேயே தெரியாமல் இருக்கவேண்டும்

நாற்பது பேர் வகுப்பில் ஆண்டு, பாலினம், சொந்த ஊர் மூன்றையும் கேட்டால் பெயர் கேட்டது மாதிரிதான். ஆண்டு மட்டும் போதும். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, அதை மாணவர் கண்முன்னே திரையில் காட்டுங்கள். பதில் வந்த நேரம் ஷீட்டில் பதிவாகும் என்பதால், ஒருவர் மட்டும் தாமதமாக அனுப்பினால் அடையாளம் தெரிந்துவிடும். படிப்பதற்கு முன் அந்த நேரப் பத்தியை ஒருவர் நீக்கிவிடுவது நல்லது. தாளில் வாங்கினால், கையெழுத்து தெரிந்த ஆசிரியர் நேரே படிக்காமல் வேறொருவர் தட்டச்சு செய்து தரட்டும். இன்டர்னல் மார்க் போடுகிறவரே ஒர்க்ஷாப்பையும் நடத்தியிருந்தால் இதில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

படி 8: அடுத்த ஜூரி முடிந்ததும் மறுபடி கேளுங்கள்

பயிற்சியை மதிப்பிட 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் நான்கு படிகளை எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. நம் படிவங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவது படிக்குப் போக நமக்கு ஸ்டூடியோ இருக்கிறது. மாணவரின் வேலை சுவரில் ஒட்டியே இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

ஒர்க்ஷாப் முடிந்து நான்கைந்து வாரம் கழித்து, அடுத்த ஜூரிக்குப் பிறகு மூன்று கேள்வி. கற்றதில் எதை ஷீட்டில் பயன்படுத்தினீர்கள்? எதை முயன்று கைவிட்டீர்கள்? ஏன்? அந்த ‘ஏன்’ இருக்கிறதே, அதில் எல்லாம் வரும். லைசென்ஸ் தீர்ந்தது, டெட்லைனுக்கு முந்தைய இரவு புதிதாக முயல பயம், கூட வேலை செய்தவருக்கு ரெவிட் தெரியாததால் குழுவே ஆட்டோகேடுக்குத் திரும்பியது, ஸ்டூடியோ ஆசிரியர் கையால் வரைந்ததைத்தான் கேட்டார் என்று விதவிதமாக. இவற்றில் பல, பயிற்சியாளர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் தீராதவை. துறை உட்கார்ந்து பேசவேண்டியவை. அதனால் ஸ்டூடியோ ஆசிரியர்களிடமும் அதே வாரம் கேளுங்கள்: ஷீட்டில் என்ன மாற்றம் கண்ணில் பட்டது?

படி 9: பதில்களைப் படிப்பது

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். நாற்பது பேரும் நாலு போட்டால் சராசரி நாலு. இருபது பேர் ஐந்தும் இருபது பேர் மூன்றும் போட்டாலும் சராசரி நாலுதான். இரண்டாவது வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்துச் சொல்லித் தரவேண்டும், முதலாவதை அப்படியே விடலாம். எத்தனை பேர் எந்த எண் போட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள், போதும்.

எழுத்தில் வந்த கருத்துகளை இருவர் தனித்தனியாகப் படித்து, குவியல் குவியலாகப் பிரித்து, பிறகு ஒப்பிடவேண்டும். ஒருவர் மட்டும் படித்தால் தனக்கு வேண்டியதுதான் கண்ணில் படும்.

பலர் சொன்னதுதான் முக்கியம் என்றும் இல்லை. ‘லேயர் கலர் வித்தியாசம் எனக்குத் தெரியல’ என்று ஒரே ஒருவர் எழுதியிருக்கலாம். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதில் சிரமம் இருக்கக்கூடும். சுவருக்குச் சிவப்பு, கதவுக்குப் பச்சை என்று வைத்த பயிற்சி ஃபைலில் அவர் மூன்று நாளும் திணறியிருப்பார். நிறத்தோடு கோட்டின் வகையையும் தடிமனையும் மாற்றி வைத்தால் தீர்ந்தது. ஒருவர்தானே என்று தள்ளிவிட்டால் அவர் ஐந்து ஆண்டும் அப்படியே படிக்கவேண்டியிருக்கும்.

படி 10: மாற்றியதைச் சொல்லுங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஸ்டூடியோ நோட்டீஸ் போர்டில் அரைப் பக்கம் ஒட்டுங்கள். நீங்கள் சொன்னவற்றில் இவற்றை மாற்றினோம், இவற்றை அடுத்த செமஸ்டரில் மாற்றுவோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது. கடைசிப் பகுதியை மறைக்காதீர்கள். லேப்பை இரவு எட்டு வரை திறக்க அனுமதி கிடைக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், யாரிடம் கேட்டீர்கள், மறுபடி எப்போது கேட்பீர்கள் என்பதோடு. மாணவர்கள் அதை மதிக்கிறார்கள், அடுத்த படிவத்தை நம்பி எழுதுகிறார்கள்.

அந்த அரைப் பக்கத்தின் ஒரு பிரதியும், பெயரில்லாத துண்டுச் சீட்டுகளின் தொகுப்பும் அடுத்த ஒர்க்ஷாப்புக்கு வரும் பயிற்சியாளருக்குப் போகவேண்டும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர் காட்பாடியில் வந்து இறங்கிய பிறகு கொடுத்தால் அவரால் எதையும் மாற்ற முடியாது. பாடத்திட்டத்தை அவர் அனுப்பும் முன்பே அனுப்பிவையுங்கள்.